ஒரு மயில் உள்ளான், ஒரு ஷூ, 40,050 ரூபாய்

என் இடது கால் ஷூ இன்னும் அந்த ஏரிக்குள்தான் கிடக்கிறது. வலது கால் ஷூவை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன் என்று மனைவி இரண்டு வாரம் கேட்டுப் பார்த்தாள். பதில் வராததால் அவளே குப்பை வண்டியில் போட்டுவிட்டாள். எந்த ஏரி என்று மட்டும் கேட்காதீர்கள். வேலூரிலிருந்து கண்ணமங்கலம் போகிற சாலையில், கணியம்பாடி தாண்டி, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தெரிகிற ஏரிகளில் ஒன்று. அதற்கு மேல் சொல்வதாக இல்லை. பறவை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு எந்த கேமரா வாங்கலாம், எந்த மாதம் எங்கே போகலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வற்றிக்கொண்டிருக்கிற ஏரிக்குள் தனியாக இறங்காதே என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

நான் மெடிக்கல் ரெப். வீடு பாகாயம். வாரத்தில் இரண்டு நாள் இந்த ரூட்தான்: அடுக்கம்பாறை, கணியம்பாடி, கண்ணமங்கலம், சில வாரம் போளூர் வரைக்கும். டாக்டர் அறைக்கு வெளியே காத்திருப்பதுதான் எங்கள் தொழிலில் பாதி. அந்தக் காத்திருப்புக்கு நடுவே எப்படியோ பறவை பார்க்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனதே, அந்த வருடம் எங்கள் பக்கத்து ஏரிகள் பலவும் நிரம்பி வழிந்து கோடி போயின. அதுவரை கொக்கு, மடையான், நீர்க்காகம் தவிர வேறு பெயர் தெரியாத எனக்கு, ஒரு நாள் நாகநதிப் பாலத்துப் பக்கம் வண்டியை நிறுத்தியபோது கரண்டி மாதிரி மூக்கு வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைப் பறவை தண்ணீரைத் துழாவுவதைப் பார்த்தேன். கரண்டிவாயன். அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அப்புறம் பொங்கல் நாட்களில் நடக்கிற பறவைக் கணக்கெடுப்பில் பெயர் கொடுத்தேன், வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன், 32,000 ரூபாய் கொடுத்து 83 மடங்கு ஜூம் உள்ள ஒரு செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்கினேன். வீட்டில் சொன்ன விலை 18,000. இந்த உண்மையும் அந்த ஏரியால்தான் வெளியே வந்தது.

2025 ஜனவரி 30, வியாழக்கிழமை. கண்ணமங்கலத்தில் நான் பார்க்க வேண்டிய டாக்டர் அன்றைக்கு வரவில்லை, நாலே முக்காலுக்கே வேலை முடிந்துவிட்டது. திரும்பும் வழியில் அந்த ஏரி. பொங்கல் முடிந்து இரண்டு வாரம், தண்ணீர் பின்வாங்கத் தொடங்கியிருந்தது. கோடிப் பக்கம் சேறும் கோரையும் திட்டுத் திட்டாக வெளியே தெரிந்தன. கோடி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாமல் போகலாம். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிகிற இடம், மற்ற ஊர்களில் கலங்கல் என்பார்கள். பெரும்பாலும் அந்தப் பக்கம் ஆழம் இருக்காது. அதனால் நீண்ட கால் பறவைகளுக்குப் பந்தி அங்கேதான். வண்டியைக் கரைமேல் ஏற்றி நூறு அடி போய் நிறுத்தினேன். நெடுங்கால் உள்ளான் பத்துப் பதினைந்து இருந்தன, பொறி உள்ளான் நாலைந்து, தூரத்தில் நத்தைக்குத்தி நாரை. எல்லாம் தெரிந்த முகங்கள். வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கரைக்குக் கீழே இருந்த கோரைப் புதர் பக்கம் கேமராவைத் திருப்பிச் சும்மா ஒரு படம் எடுத்தேன். இந்தப் படத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கால்மணி நேரம் போயிருக்கும். கரையிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி, சம்புப் புல் ஓரத்தில் ஏதோ அசைந்தது. மைனாவைவிடக் கொஞ்சம் பெரிய உருவம். ஜூம் பண்ணியதும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. கழுத்தும் மார்பும் கருஞ்சிவப்பு, பழைய தேக்கு மேசையில் பாலிஷ் போட்ட மாதிரி. கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம், அதன் வால் பின்னால் இழுத்துவிட்டது போல நீண்டிருந்தது. மார்பிலிருந்து ஒரு வெள்ளைப் பட்டை தோளைச் சுற்றி மேலே ஏறியது, பள்ளிக்கூடப் பிள்ளை பை மாட்டியிருக்கிற மாதிரி. மூக்கு நீளம், நுனியில் மட்டும் லேசாகக் கீழ்நோக்கி வளைவு. இரண்டு அடி வைக்கும், நிற்கும், பின்பக்கத்தை மட்டும் மேலும் கீழும் ஆட்டும். மயில் உள்ளான். புத்தகத்தில் எத்தனையோ முறை புரட்டிய பக்கம். நம் நாட்டில் எல்லாப் பருவத்திலும் இருக்கிற பறவைதான், ஆனால் பகலெல்லாம் புல்லுக்குள் பதுங்கிக் கிடந்து விடியலிலும் அந்தியிலும் மட்டும் வெளியே வருவதால் பத்து வருடமாகப் பார்க்கிறவர்களே இரண்டு மூன்று தடவைதான் கண்டிருப்பார்கள்.

இங்கேதான் என் முதல் தப்பு, அது கால் வைத்ததில் இல்லை, மூளையில். பறவை என்றால் பளபளப்பாக இருப்பது ஆண், மங்கலாக இருப்பது பெண். சேவல் அப்படி, மயில் அப்படி, குயில்கூட அப்படித்தான். இதற்குப் பெயரிலேயே வேறு மயில் இருக்கிறதா, அதனால் நான் பார்த்தது ஆண் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆண் இங்கே மேய்கிறது என்றால் பெண் அதன் பக்கத்திலேயே எங்கோ அடைகாத்துக்கொண்டிருக்கும், கிட்டப் போனால் கூட்டையும் சேர்த்துப் படம் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மயில் உள்ளானில் எல்லாமே தலைகீழ் என்பதை அன்றைக்கு நான் படித்திருக்கவில்லை. அழகாக இருப்பது பெண். அது ஒரு ஆணோடு சேர்ந்து முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். பழுப்பும் சாம்பலுமாக, இறக்கையில் பொன்னிறப் புள்ளியோடு இருக்கிற ஆண்தான் பெரும்பாலும் நாலு முட்டைகள் உள்ள அந்தக் கூட்டில் உட்கார்ந்து, குஞ்சு பொரித்து, வளர்த்து ஆளாக்கும். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் கரையைவிட்டு இறங்கியிருக்க மாட்டேன். கூட்டுக்குப் பக்கத்தில் போவதே தப்பு என்பது தனி. ஆள் நடமாட்டத்தால் பறவை எழுந்து போனால் முட்டை வெயிலிலும் காக்கையிடமும் மாட்டிக்கொள்ளும். அதை நான் படித்திருந்தேன், படித்தும் மறந்தேன். அந்த நேரத்தில் என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் வரப்போகிற கைதட்டல் பொம்மைகள்தான்.

மணி ஐந்தே முக்கால். ஃபார்மல் பேன்ட், கருப்பு ஷூ, சட்டைப் பையில் போன், கழுத்தில் கேமரா. மருந்துப் பையை வண்டியிலேயே மாட்டிவிட்டு, சாவியையும் வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். கரைக்குக் கீழே மாடுகள் தண்ணீர் குடிக்கப் போய்வந்த தடம் ஒன்று ஏரிக்குள் போனது. அந்தத் தடத்திலேயே ஏழெட்டு அடி வைத்தேன், தரை கெட்டியாகத்தான் இருந்தது. திடீரென்று இடது பக்கக் கோரைப் புதரிலிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு சீறல். எங்கள் பக்கம் ஏரிக்கரையில் கண்ணாடி விரியன் சகஜம். யோசிக்காமல் வலது பக்கம் தாவினேன். இரண்டு மூன்று அடி ஓடினேன். மேலே வெடித்துக் காய்ந்த மண், பார்த்தால் கிரிக்கெட் ஆடலாம் போல இருந்தது. மூன்றாவது அடியில் ஓடு உடைந்த மாதிரி அது உடைந்தது. முழங்கால் வரை கால் உள்ளே போனது. இழுக்கப் பார்த்தேன், உடம்பு முன்னால் சாய்ந்தது, அடுத்த கால் வைத்த இடத்தில் தரையே இல்லை. வண்டல் அள்ளிய பள்ளம். ஜேசிபி செங்குத்தாக வெட்டிவிட்டுப் போன குழி, மேலே அரை அடித் தண்ணீரும் பாசியும் மூடியிருந்ததால் சுற்றியிருந்த இடத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. இடுப்பளவு சேற்றில் நின்றேன். குப்புற விழுந்து எழுந்ததில் கேமரா முழுசாக முங்கிவிட்டது. சட்டைப் பையில் போன் இல்லை. அது எந்த நொடியில் போனது என்பதுகூடத் தெரியாது.

கொஞ்சம் நிறுத்திவிட்டு, எனக்குப் பிற்பாடு ஏரிக்காவல்காரர் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். ஏரிக்குள் மாட்டுக் குளம்பு எங்கே மேலாகப் பதிந்திருக்கிறதோ அங்கே மனுஷன் நடக்கலாம். குளம்பு ஆழமாக இறங்கி, ஓட்டையில் தண்ணீர் ஊறியிருந்தால் திரும்பிவிட வேண்டும். பறவைக்கால் மட்டும் பதிந்திருந்து மாட்டுக்கால் ஒன்றுகூட இல்லாத இடம் என்றால், மாடே போகாத இடத்துக்கு நீ எதற்குப் போகிறாய் என்று அர்த்தம். வெடித்துக் காய்ந்த மண்ணை நம்பவே கூடாது, மேலே நாலு விரல் அளவுதான் காய்ந்திருக்கும். அப்புறம் இந்தப் பள்ளங்கள். விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் அனுமதி வாங்கி ஏரியில் வண்டல் எடுக்கலாம், அதில் தப்பில்லை, ஏரிக்கும் நல்லதுதான். ஆனால் சீராக மேலாக வழிக்காமல் ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அனுமதி இல்லாமல் ராத்திரியில் அள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். கோடைவிடுமுறையில் பிள்ளைகள் ஏரியில் மூழ்கியதாக வருடா வருடம் செய்தி படிக்கிறோமே, அதில் பாதிக்கு இந்தக் குழிதான் காரணமாக இருக்கும் என்று அவர் சொன்னார். கோடையில் ஒருமுறை போய்க் காய்ந்த ஏரியைப் பார்த்துவைத்தால் எங்கே பள்ளம் என்று தெரியும். இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன்.

முதல் பத்து நிமிடம் நான் செய்ததெல்லாம் தவறு. காலை மாற்றி மாற்றி இழுத்தேன். ஒரு காலை இழுக்கும்போது உடம்பின் எடை முழுக்க மற்றக் காலில் இறங்கும், அது இன்னும் நாலு விரல் உள்ளே போகும். கத்தினேன். சாலை நூற்றைம்பது மீட்டர்தான், ஆனால் நடுவில் கரை. போளூர் பஸ்களும் செங்கல் லாரிகளும் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. கரைக்கு மேலே வெளிச்சம் ஓடுவது தெரியும், அவ்வளவுதான். ஆறு பத்துக்குச் சூரியன் இறங்கிவிட்டது. எனக்கு முதலில் வந்தது பயம்கூட இல்லை, வெட்கம். நாளைக்குப் பேப்பரில் 'ஏரியில் சிக்கி மருந்து விற்பனைப் பிரதிநிதி பலி' என்று ஒரு மூலையில் வரும், அதை எங்கள் மேனேஜர் படித்துவிட்டு, 'ஐந்தரை மணிக்கு இவன் கிளினிக்கில்தானே இருக்க வேண்டும்' என்று கேட்பார் என்றுதான் தோன்றியது. அப்புறம் குளிர் ஏறியது. தை மாசத்து ஏரித் தண்ணீர், பல் கிட்டித்தது. மகளுக்கு அந்த வாரம் ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும், பணம் எந்த அக்கவுண்ட்டில் இருக்கிறது என்று மனைவிக்குத் தெரியாதே என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. நான் இங்கே இருப்பது உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. அவளிடம் கண்ணமங்கலம் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

நன்றாக இருட்டிய பிறகு அந்தச் சத்தம் தொடங்கியது. காலி சோடா பாட்டில் வாயில் உதட்டை வைத்து ஊதினால் வருமே, அந்த மாதிரி 'ஊக்… ஊக்… ஊக்…' என்று ஒரே சீராக. முதலில் வலது பக்கம், அப்புறம் இன்னும் கிட்ட. ஏதாவது பேயா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன், பொய் சொல்லவில்லை. மயில் உள்ளானில் கூப்பிடுவதும் பெண்தான், அந்தியிலும் இரவிலும் இப்படித்தான் ஆண்களைக் கூப்பிடும் என்று பிற்பாடு படித்தேன். நான் படம் எடுக்க ஆசைப்பட்ட அதே பறவை, எனக்கு இருபது அடி தள்ளி நின்று ஒரு மணி நேரம் பாடியிருக்கிறது. அந்த நேரத்தில் எனக்கு அதன்மேல் கொலைவெறிதான் இருந்தது.

ஏழரை மணி வாக்கில் கரைமேல் ஒரு டார்ச் வெளிச்சம். என்னைக் காப்பாற்றியது என் புத்திசாலித்தனம் இல்லை, வண்டியில் விட்டுவந்த சாவி. மீன் குத்தகைக்கு எடுத்தவரிடம் காவல் இருக்கிற பெரியவர், சாவியோடு ஒரு பைக் ரொம்ப நேரமாக அநாதையாக நிற்கிறதே என்று தேடி வந்திருக்கிறார். அவருக்கு அறுபது வயதிருக்கும். "யார்ரா அது? இன்னாடா பண்ற அங்க?" என்றார். "அண்ணா, சேத்துல மாட்டிக்கினேண்ணா" என்று கத்தினேன். "வல எங்க வச்சிருக்க?" மீன் திருட வந்தவன் என்றோ, கொக்குக்குக் கண்ணி வைக்க வந்தவன் என்றோ நினைத்துவிட்டார். "வல இல்லண்ணா, பறவை பாக்க வந்தேன்." "பறவயா? இந்த இருட்லயா?" டார்ச்சை என் முகத்தில் அடித்து, டை கட்டியிருப்பதைப் பார்த்ததும்தான் குரல் மாறியது. "ஆடாத சார். ஆட ஆட உள்ள இட்டுக்கும். தோ வர்றேன்."

அவர் கையை நீட்டவில்லை, கயிறும் போடவில்லை. மீன் பிடிக்கிறவர்கள் மேலே உட்கார்ந்து போவார்களே, அந்தத் தெர்மாகோல் மிதவையை ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்து, அவர் மாட்டுத்தடத்திலேயே நின்றுகொண்டு, ஒரு வேலிகாத்தான் கொம்பால் அதை என் மார்புக்கு நேராகத் தள்ளிவிட்டார். "அது மேல மார வச்சிப் படு. கால இழுக்காத. குதிகால மட்டும் லேசா ஆட்டு, தண்ணி உள்ள எறங்கும்." சொன்னபடி செய்தேன். எடை காலிலிருந்து மிதவைக்கு மாறியதும் ஏதோ பிடி தளர்ந்த மாதிரி இருந்தது. குதிகாலைச் சுழற்றச் சுழற்ற, காலைச் சுற்றித் தண்ணீர் இறங்கி, சேறு 'பளக் பளக்' என்று காற்றுவிட்டது. வலது கால் வர ஐந்து நிமிடம். இடது கால் வர அதைவிட ரெட்டிப்பு, அதுவும் ஷூவை உள்ளேயே விட்டுவிட்டுத்தான் வந்தது. ஷூ லேஸை இறுக்கிக் கட்டுவது நல்ல பழக்கம் என்று அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார், சேற்றில் அது எமன். மிதவை இல்லாமல் தனியாக மாட்டினாலும் முறை இதேதான் என்றார். பின்பக்கமாகச் சாய்ந்து, கையை அகல விரித்து, மல்லாந்து படுக்கிற மாதிரி எடையைப் பரப்ப வேண்டும். பையோ கேமராவோ கையில் இருந்தால் அதை அடியில் போட்டு அதன்மேல் சாய வேண்டும். ஒவ்வொரு காலாக, அவசரமில்லாமல். வெளியே இருக்கிறவர் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் தோள்மூட்டு கழன்றுவிடும், கால் வராது.

அவருடைய குடிசையில் ஒரு லுங்கி கொடுத்தார், கருப்பட்டி காபி கொடுத்தார். கணுக்காலில் கண்ணாடிச் சில்லு கிழித்த காயம். ஏரியில் பாட்டில் உடைக்கிறவர்களின் கைங்கர்யம். ஐந்நூறு ரூபாய் எடுத்து நீட்டினேன், நனைந்த நோட்டு. வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். மருந்து என்றதும், "முட்டி வலிக்கு எதுனா இருக்குதா?" என்றார். வலிக்குத் தடவுகிற ஜெல் சாம்பிள் மூன்று டியூப் இருந்தது, மூன்றையும் கொடுத்தேன். ஒற்றை ஷூவோடு வண்டி ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதே கால். மனைவி வாசலில் நின்றிருந்தாள். முதலில் அழுதாள், அப்புறம்தான் கேமராவின் விலையைக் கேட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அன்றைக்கு ராத்திரி இன்னொரு முட்டாள்தனம் செய்தேன். படம் இருக்கிறதா என்று பார்க்கும் ஆசையில் கேமராவைத் துடைத்துவிட்டு ஆன் செய்தேன். ஒரு நொடி லென்ஸ் வெளியே வந்தது, கிர்ரென்றது, நின்றது. அப்புறம் யாரோ சொன்னார்களே என்று அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். சென்னையில் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி, பன்னிரண்டு நாள் கழித்து 19,500 ரூபாய் ஆகும் என்றார்கள், தண்ணீர் பட்டதற்கு வாரண்டி வராது என்றும் சொன்னார்கள். அதைப் பிரித்துப் பார்த்த பையன் போனில் சிரித்தான். லென்ஸுக்குள் சேற்றோடு அரிசிமாவும் இருந்ததாம். தண்ணீரில் விழுந்த எதையும் ஆன் செய்யக்கூடாது, சார்ஜ் போடக்கூடாது, பேட்டரியையும் கார்டையும் உடனே கழற்றிவிட வேண்டும், காற்றோட்டமாக வைக்க வேண்டும், அரிசி வேண்டாம் என்றான். ரிப்பேர் செய்வதில் அர்த்தமில்லை என்று உதிரிபாகத்துக்காக 4,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். ஆக அதில் 28,000 போனது. போன் கிடைக்கவே இல்லை, செகண்ட் ஹேண்டில் ஒன்று 9,000. ஷூ 1,900. கிளினிக்கில் டிடி ஊசி, நாலு தையல், மாத்திரை என்று 1,150. மொத்தம் 40,050. இது போக இரண்டு நாள் லீவு.

பணத்தைவிட என்னை அலைக்கழித்தது சிம் கார்டு. ராத்திரியே மனைவியின் போனிலிருந்து சிம்மை பிளாக் செய்ததும், வங்கிக்குச் சொல்லி யுபிஐயை நிறுத்தியதும் சரியான வேலை. மறுநாள் ஆதாரைக் காட்டி அதே நம்பரில் புது சிம் வாங்கினேன். ஆனால் சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, மோசடியைத் தடுக்க அப்படி ஒரு விதி. ஓடிபி வராமல் ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியவில்லை, தம்பியிடம் கைமாற்று வாங்கினேன். இப்போதெல்லாம் போனை ஜிப் கவரில் போட்டு, கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன். ஒரு விசிலும் அதே கயிற்றில் தொங்குகிறது, பத்து ரூபாய். மனுஷன் கத்துவதைவிட விசில் சத்தம் தூரம் போகும், தொண்டையும் கட்டாது. வண்டியை நிறுத்தியதும் லொகேஷனை மனைவிக்கு அனுப்பிவிட்டுத்தான் மூச்சுவிடுகிறேன். போன் கையில் இருந்திருந்தால் 112 என்ற ஒரு நம்பர் போதும், போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாம் அதிலேயே வரும். ஏரியில், கிணற்றில் மாட்டியவர்களை எடுப்பது தீயணைப்புக்காரர்கள் தினமும் செய்கிற வேலை. கூப்பிடக் கூச்சப்பட வேண்டாம்.

மெமரி கார்டு பிழைத்துக்கொண்டது. அதைப் பார்க்க மனசு வராமல் மேசை டிராயரில் போட்டுவைத்திருந்தேன். சர்வீஸ் சென்டர்காரர்கள் விலை சொன்ன அன்றைக்கு ராத்திரி லேப்டாப்பில் சொருகினேன். 46 படங்கள். பெண் பறவை பதினொன்றில் இருந்தது, மூன்று நன்றாகவே வந்திருந்தன, அதுவும் கரையிலிருந்து எடுத்தவை. சந்தேகம் வந்துவிடப் போகிறது என்று கோரை உள்ளானோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதற்கு மூக்கு இன்னும் நீளம், நேர், உடம்பெல்லாம் வைக்கோல் கோடு. எழுந்து பறந்தால் வளைந்து நெளிந்து பாயும். மயில் உள்ளான் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு சோம்பேறி மாதிரிக் கொஞ்ச தூரம் பறந்து மறுபடியும் புல்லுக்குள் விழும். கண்ணைச் சுற்றிய பட்டையும் தோள்பட்டையும் தெரிந்துவிட்டால் வேறு எதுவும் பார்க்க வேண்டியதில்லை. எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம்தான் முதல் படத்துக்குப் போனேன். வெளிச்சம் பார்க்கச் சும்மா எடுத்தேனே, அந்தப் படம். வெறும் கோரைப் புதர். இடது கீழ் மூலையில் காய்ந்த புல்லுக்கு நடுவே ஒரு புள்ளி பளிச்சென்று தெரிந்தது. பெரிதாக்கினேன். கண். கண்ணைச் சுற்றி மங்கலான வெளிர் வட்டம். இறக்கையில் பொன்னிறப் புள்ளிகள். ஆண், தரையோடு தரையாக ஒட்டி உட்கார்ந்து, நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் இறங்கிய மாட்டுத்தடத்துக்கு மூன்றடி இடதுபுறம்.

விரியன் இல்லை. அடைகாக்கிற மயில் உள்ளான் ஓட முடியாத நிலையில் இறக்கையை விரித்துக்காட்டிச் சீறும் என்பது அதற்குப் பிறகு படித்ததில் தெரிந்தது. இரண்டடி தள்ளி என் ஷூ இறங்கியிருந்தால் முட்டைமேல் இறங்கியிருக்கும். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. சேற்றில் நின்றபோது வந்த பயம் வேறு, இது வேறு மாதிரி ஏதோ.

குழுவில் படத்தைப் போட்டேன், இடத்தைச் சொல்லவில்லை. மூன்று பேர் தனியாகக் கேட்டார்கள். ஒருவர், 'கூடு இருந்தால் சொல்லுங்கள் சார், ஐந்தே நிமிடம்' என்றார். ஐந்தே நிமிடம் என்று நானும்தான் நினைத்தேன். கூடு வைத்திருக்கிற பறவையின் இடத்தைக் குஞ்சுகள் பறந்து போகும்வரை யாரிடமும் சொல்லாமல் இருப்பது நல்லது. படம் எடுக்க வருகிறவர்கள் மட்டும் வரமாட்டார்கள், முட்டைக்கும் கறிக்கும் வருகிறவர்களும் அதே லொகேஷனைப் பார்ப்பார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, ஆனால் ராத்திரி ஏரிக்கரையில் நிற்பது அந்தக் காவல்காரர் ஒருவர்தான். அவர் காவல் இருப்பதும் மீனுக்கு.

அடைகாக்கிற காலம் மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று படித்தேன். கணக்குப் போட்டு, பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மறுபடியும் போனேன். நண்பரிடம் வாங்கிய 8க்கு 42 பைனாகுலர் மட்டும். வண்டியைக் கோடிக்கு இந்தப் பக்கமே நிறுத்தி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். வண்டியும் அதன்மேல் அசையாமல் இருக்கிற ஆளும் பறவைக்குப் பழகிப்போன உருவம், இறங்கி நின்றால்தான் மிரளும். ஆறே காலிலிருந்து ஏழு மணி வரை ஒன்றுமில்லை. நெடுங்கால் உள்ளான்கள் கத்திக்கொண்டிருந்தன. ஏழு பத்துக்கு அந்தக் கோரைப் புதரின் ஓரம் விலகியது. ஆண் வெளியே வந்தது, நின்றது, பின்பக்கத்தை ஆட்டியது. அதன் பின்னால் கட்டைவிரல் அளவில், முதுகில் கோடு போட்ட பஞ்சு உருண்டை ஒன்று. அப்புறம் இன்னொன்று. மூன்றாவது சறுக்கி விழுந்து எழுந்து ஓடி வந்தது. நாலாவது வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், வரவில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காவல்காரர் வந்தார். பைனாகுலரைக் கொடுத்துக் காட்டினேன். கண்ணில் வைத்துக் கொஞ்ச நேரம் தேடினார். "இதுவா? இத நான் தெனம் பாக்கறேனே சார்" என்றார். அப்புறமும் பைனாகுலரை இறக்கவில்லை. "குட்டி மூணு இருக்குது" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறப்போனவர் திரும்பி, "அந்த முட்டிக்குத் தடவற டியூபு இன்னொண்ணு இருக்குதா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மருந்துப் பையை எடுத்து வந்திருக்கவில்லை. வியாழக்கிழமை கொண்டுவருகிறேன் என்றேன்.